பச்சைப் பெட்டித் தொதல்

பெட்டியைத் திறந்ததும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் கலந்த வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. கேஸ் கட்டுகளின் பழைய காகித வாடைகூட அன்றைக்கு அமுங்கிப் போனது…

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் நான் ஜூனியராகச் சேர்ந்த புதிது. ஜூனியர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாய்தா வாங்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, சீனியருக்கு டீ ஆறாமல் பார்த்துக்கொள்வது.

அன்று வந்திருந்தவர் கீழக்கரை ஜமீலா லாத்தா. லாத்தா என்றால் அந்த ஊரில் அக்கா. வீட்டிலேயே தொதல் கிண்டி விற்பவர். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, எண்ணெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்டுகிற அல்வா அது. பச்சை நிறப் பெட்டி, அதன்மேல் அவர் தங்கை வரைந்த பாய்மரப் படகு. வளைகுடாவுக்குப் பயணம் போகிற ஊர்க்காரர்கள் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

லாத்தா மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். அதே பச்சை, அதே படகு. ஒன்றில் அவர் பெயர். இன்னொன்றில் அன்சாரி என்ற புதுக் கடைக்காரர் பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால்… அன்சாரி லாத்தாவின் பெட்டியையே அச்சகத்தில் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார். அடியில் இருந்த போன் நம்பரை யாரும் கவனிக்கவில்லை. அது லாத்தாவின் நம்பராகவே அச்சாகிவிட்டது.

அன்சாரியின் தொதல் பதம் வருவதற்கு முன்பே இறக்கியது. வெளிநாடு போய்ச் சேர்வதற்குள் பூசணம் பூத்துவிடும். வாங்கியவர்கள் நம்பரைப் பார்த்து லாத்தாவைத்தான் திட்டினார்கள். பச்சைப் பெட்டிக்குப் பாடுபட்டுச் சேர்த்த பேர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. காசு பணம் வேண்டாம், என் பேரை மீட்டுக் கொடுங்கள் என்றுதான் வந்திருந்தார்.

நோட்டீஸ் போனதும், லாத்தா ஆபீஸில் இருந்த ஒரு நாள் அன்சாரி நேரிலேயே வந்துவிட்டார். வீராப்பாகத்தான் பேசினார்.

"எம் பேரத்தான போட்டுருக்கேன் சார். படிக்கத் தெரிஞ்சவன் எவன் மாத்தி வாங்கப் போறான்?"

சீனியர் வாயைத் திறப்பதற்குள் லாத்தாவின் போன் அடித்தது. கொஞ்ச நாளாகவே அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சவூதியில் தம்மாமிலிருந்து யாரோ ஒரு பையன். அவன் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பெட்டியில் இருந்த அன்சாரி பேரைச் சொல்லித்தான் திட்டினான்.

"அது எங்களுது இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானாக இருந்தால், இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன்.

லாத்தா சொன்னது இது:

"மன்னிச்சுக்கங்க தம்பி. அதச் சாப்பிட்றாதீங்க, வயித்துக்கு ஆகாது. வெள்ளிக்கெழம எங்க தெருப் பிள்ள ஒண்ணு தம்மாம் வருது, நல்லதா குடுத்து விடுறேன். ரூம்ல எத்தன பேரு இருக்கீங்க?"



சீனியர்தான் முதலில் சுதாரித்தார். "ஏம்மா, இப்படி நீங்களே ஒத்துக்கிட்டா கேஸ் என்னத்துக்கு ஆகும்?"

"அந்தப் பிள்ள ஊரு நெனப்புல பெட்டியத் தொறந்துருக்கும் சார். அதுகிட்டப் போயி நம்ம கடைச் சண்டையச் சொல்லவா?"

விசாரித்தால், போன் செய்த எல்லோருக்கும் இப்படித்தான் பயணம் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

அன்சாரி தன் பெயர் போட்ட பெட்டியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"லாத்தா… வெள்ளிக்கெழம போற பிள்ள வீடு எங்கன இருக்கு? ஒங்க தொதல நானே காசு குடுத்து வாங்கிட்டுப் போயி குடுத்துட்டு வாரேன். மிச்சப் பெட்டிய இன்னைக்கே கிழிச்சுப் போட்டுர்றேன்."

சொன்னபடி செய்தார். கொஞ்ச நாளில் அவர் தொதல் மஞ்சள் பெட்டியில் வந்தது, அவர் நம்பரோடு. வழக்கு கோர்ட் வாசலையே பார்க்கவில்லை.

இப்போது மதுரையில் எனக்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. மசாலா பாக்கெட், ஊறுகாய் லேபிள், இன்ஸ்டா பக்கம் என்று காப்பியடித்த சண்டைகள்தான் நிறைய வருகின்றன. ஸ்கிரீன்ஷாட்டை நீட்டிக்கொண்டே, "அது எங்க பொருள் இல்ல மேடம், நாங்க பொறுப்பில்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தப்பே இல்லை. சட்டப்படி அதுதான் சரி, நானும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

ஆனால்… ஏமாற்றியவரை விட்டுவிட்டு, ஏமாந்தவரைப் பற்றி முதலில் கவலைப்பட்ட கட்சிக்காரர், இத்தனை வருடத்தில் ஜமீலா லாத்தா ஒருவர்தான்.