பங்காளி காலில் வைத்த வெள்ளைத் துண்டு

ஒடிந்த காலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முட்டாள் இந்த ஜவ்வாது மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம். புளி உலுக்கும் காலம். ஒரு கிளைக்கு ஓர் ஆள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா மகன் பொன்னன் ஏறிய கிளையில் காய் அதிகம். பொறுக்காமல் நானும் அதில் ஏறினேன். கிளை பாரபட்சம் பார்க்கவில்லை. இருவரையும் கீழே போட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் எனக்கு வெறும் மாவுக்கட்டு. அவனுக்கோ முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் பள்ளமாகிவிட்டது. எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையே பொடியாக்கி, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்ட வெள்ளைத் துண்டுகளை அதில் வைத்தார்கள். புதுசாகச் செய்து பார்க்கிறார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு சொந்த எலும்பு வளருமாம். டாக்டர்கள் கூட்டமாக வந்து அவன் காலைப் படம் பிடித்தார்கள். என் காலில் ஈ கூட உட்காரவில்லை.

வயிறு எரிந்தது. "காளியம்மா, அந்தத் துண்டு அவனுக்கு ஒட்டவே கூடாது" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுவாரமே அவன் புண் சீழ் வைத்தது. காய்ச்சல் கொதித்தது. அடங்காவிட்டால் காலையே எடுக்கணும் என்றார் டாக்டர்.

"காலு பூட்ச்சின்னா மலையில இன்னா பண்ணுவேன் பங்காளி? பொண்டாட்டி தோள்ல ஏறியா சாமைக் கொல்லைக்குப் போறது?" என்றான் பொன்னன். சிரிக்கத்தான் சொன்னான். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

போர்வைக்குள் தலையை விட்டு அழுதேன். "தாயே, போன வாரம் கேட்டது நான் இல்லை, என் வயிற்றெரிச்சல். அவன் காலைக் கொடு. என் கால் குணமானால் உன் கோயிலில் வைப்பதாக நேர்ந்த மண்காலை அவன் பேருக்கே வைக்கிறேன்."

சீழ் வற்றியது. சில மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளைத் துண்டுகளுக்குள் அவன் எலும்பு புகுந்து வளர்ந்திருந்தது. கோயிலில் மண்காலை வைத்தபோது, பொன்னன் பக்கத்தில் தன் காலில் நின்று கும்பிட்டான். இவ்வளவு அழகான மண்கால் இவன் பேருக்கா என்று அப்போதும் எனக்கு லேசாக எரிந்தது. முன்பு போல் இல்லை, கொஞ்சம்தான்.

அன்பர்களே, அந்தத் தாயிடம் கூசாமல் கேளுங்கள். பொறாமையில் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அழுது கேட்டால் கைவிட மாட்டாள்.

இரண்டு புளிக்காலம் கழித்து பொன்னன் மறுபடியும் மரம் ஏறினான். கீழே நின்று பணிவாகக் கேட்டேன்: "பங்காளி, நானும் வரட்டுமா?"

"வேற மரம் பாரு."