புதிதாக ஒட்டிய கண்ணாடி

வடக்கே ஒரு பெருநகரத்தில், நான் இளம் பொறியாளனாக நின்று தோண்டிய சுரங்க ரயில் நிலையத்தை இப்போது புதுப்பிக்கிறார்கள். லிப்ட், நடைமேடை ஓரத்தில் தானாகத் திறக்கும் கதவுகள், ஒரு சுவர் முழுக்க நிலையத்தின் வரலாறு. அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஒரு பெண் அதிகாரி போனில் கேட்டார். “தோண்டியதால் யாருக்கும் சேதமில்லையாமே” என்றார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தெருவைப் பிளந்து பள்ளம் இறக்கினோம். விளிம்பில் இருந்த வீடுகளில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டுவோம். சுவர் மயிரளவு நகர்ந்தாலும் அது உடையும். உடைந்தால் பதிவேட்டில் எழுதி, தோண்டுவதை நிறுத்த வேண்டும்.

அப்படியொரு வீட்டின் முன்னறையில் கடை வைத்து, பின்னால் குடும்பத்தோடு குடியிருந்தார் ஒரு தையல்காரர். இராஜாக்கமங்கலத்துக்காரர், என் வயது. அங்கே எங்கள் பேச்சைப் பேச அவருக்கு நானும் எனக்கு அவரும்தான்.

ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, உடைந்திருந்த கண்ணாடியைக் காட்டினார். “பொட்டிட்டு, பாத்தியா? கண்ணாடி ஒட்டவா ஒன்ன இஞ்சினியருக்குப் படிக்க வச்சாவ?” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏதாவது உண்டும்னா சொல்லிரு மக்கா. பிள்ளையளக் கூட்டிட்டு மாறிருவேன்.”

“ஒண்ணும் இல்ல. குளிருல பொட்டிருக்கும்” என்றேன்.

எழுதினால் வேலை நிற்கும். எனக்கு வரவிருந்த பதவி உயர்வும் நிற்கும். அவர் வெளியே போன நேரம் பார்த்து, அதே இடத்தில் புதுக் கண்ணாடி ஒட்டினேன். எட்டாம் நாள் சுவர் விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தையல் மெஷினில் இருந்த அவரது வலது கையில் மூன்று விரல்கள் போயின. ‘பழைய கட்டடம், முன்னறிகுறி இல்லை’ என்று அறிக்கை எழுதியவன் நான்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே ஊர் வந்துவிட்ட அவரை இருமுறை கண்டு ஒதுங்கிப் போயிருக்கிறேன். இந்த முறை, நடந்ததை அப்படியே எழுதிய பக்கத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். இடது கையில் பிடித்துப் படித்தார்.

“மாத்தினது எனக்கு அப்பவே தெரியும்லா. பழைய கண்ணாடியில எம் மவ நெயில் பாலிஷ் வச்சு ஒரு புள்ளி வச்சிருந்தா. புதுசுல இல்ல.”

“பொறவு ஏன் வீடு மாறல?”

“ஊர்க்காரன்லா நீ. பயப்பட ஒண்ணும் இல்லாததாலதான் நீ சொல்லாம மாத்தியிருப்பன்னு இருந்துட்டேன்.” தாளை நீட்டினார். “இதையும் எழுது.”

அவர் வாசலிலேயே நின்று எழுதிச் சேர்த்தேன். மறுநாள் அந்த அதிகாரிக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.