தலைவர் சொன்ன ‘நாங்கள்’

எங்கள் மீனவர் சங்க மண்டபத்தில் தலைவர் எழுந்து நின்று, வலக்கையைச் சன்னல் பக்கமாக ஒருமுறை சுழற்றிக் காட்டி, “நாங்கள்” என்று சொன்ன கணம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சன்னலுக்கு வெளியே எங்கள் சல்லிக் கிராமத்தில் பாதிச் சனம் நின்றுகொண்டிருந்தது. உள்ளே, திருகோணமலைத் துறைமுகத்துக்கு நல்லெண்ணப் பயணமாக வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலின் அதிகாரிகள் எங்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்த நான், குளிர்பானம் கொடுக்கும் சாட்டில் சுவரோரம் நின்றேன். உண்மையில் நின்றது என் தம்பிக்காக.

தம்பியும் வேறு இருவரும் போன படகு இயந்திரம் பழுதாகி, நீரோட்டத்தில் இழுபட்டு, அந்த நாட்டின் கடலுக்குள் போய்விட்டது. எல்லை மீறியதாகச் சொல்லிச் சிறையில் போட்டார்கள். நாங்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. “பார்க்கிறோம்” என்ற ஒரு சொல்லை எத்தனை விதமான குரல்களில் சொல்லலாம் என்று அந்த மாதங்களில் அறிந்துகொண்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு, வாயில் வைக்காமலே எழும்பிப் போய்விடுவார். அப்படியிருக்கத்தான் அந்தக் கப்பல் வந்தது. தலைவர் யாரையும் கேளாமல் அதிகாரிகளை மண்டபத்துக்கு அழைத்துவிட்டார்.

அவர்களில் மூத்தவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒன்றுதான் கேட்டார். இவர்களை விட்டால், உங்கள் படகுகள் மறுபடி வராது என்பதற்கு யார் பொறுப்பு?

“நாங்கள் பொறுப்பு,” என்றார் தலைவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சில் கஞ்சத்தனம் பார்க்காத மனுசன். “உங்கட ஆக்கள் எங்கட கரையில ஒதுங்கினாலும் நாங்கள் பிடிச்சுக் குடுக்கமாட்டம். தண்ணியும் எண்ணெயும் குடுத்துத் திருப்பி அனுப்புவம்.”

கடலில் தத்தளித்து வருகிறவனுக்கு அப்படிச் செய்வது எங்கள் கரையின் வழக்கம். அவர் சொன்னது அந்த வழக்கத்தைத்தான். எதிரே இருந்தவர்கள் அதை உடன்பாடாகக் கேட்டார்கள். “இலங்கைத் தரப்பு இணங்கியது” என்று அவர்கள் நாட்டுச் செய்திகளில் வந்தது. சல்லியை நினைத்துச் சொன்ன ‘நாங்கள்’, கடல் தாண்டும்போது ஒரு நாடாகிவிட்டது.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். வெளிநாட்டு அரசுக்கு வாக்குக் கொடுக்கத் தனி ஆளுக்கு அதிகாரம் கிடையாது என்றார்கள். நான் போய்க் கேட்ட சட்டத்தரணி, சட்டம் இதில் அவ்வளவு தெளிவாக இல்லை, ஆனால் ஒருவரை உள்ளே வைத்திருக்க இந்தத் தெளிவு போதும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பேசவேண்டியவர்கள் பேசாமல் இருந்ததற்கு மட்டும் எந்த விசாரணையும் இல்லை.

தலைவரிடம் அவர்கள் கேட்டது சின்ன விசயம். ‘நான் என் பாட்டில் சொன்னேன், அது யாரையும் கட்டுப்படுத்தாது’ என்றால் வீட்டுக்குப் போகலாம். அப்படிச் சொன்னால் பொறுப்பு நிற்க ஆளில்லை. தம்பிக்கு விடுதலையும் இல்லை. கொண்டுபோக ஜீப் வந்து நின்றபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஆர் கேட்டாலும், அது அவர் தன்ர பாட்டில கதைச்சது எண்டு சனத்தைச் சொல்லச் சொல்லுங்கோ. இல்லாட்டி உங்களையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். நான் சொன்னதை மாத்த ஏலாது. பொடியள் வரோணும்.”

கரை முழுவதும் அப்படியே சொன்னது. விசாரணை அறைக்குள் ஒற்றை ஆள் ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே இத்தனை பேரும் ‘அவர்’ என்றோம்.

விளக்கமறியலில் அவருடைய நீரிழிவுக் காலில் புண் பழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. பிள்ளையில்லாத மனுசன்; கொள்ளி வைத்தது தங்கச்சி மகன். அதன் பிறகுதான் தம்பியும் மற்ற இருவரும் விடுதலையாகி வந்தார்கள். விமான நிலையத்தில் மாலை போட்டு, அரசின் இடைவிடாத முயற்சி என்றார்கள். தம்பி தலையாட்டினான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். தலையாட்டினால்தான் வீட்டுக்கு வரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

போன மாரியில் அதே நாட்டுப் படகு ஒன்று எங்கள் கரையில் ஒதுங்கியது. இரண்டு பேர், உதடு வெடித்து, நிற்க ஏலாமல். தம்பிதான் முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் பருக்கினான். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்ணெய் இருந்தது. இயந்திரம் திருத்தத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

“தலைவர் வாக்குக் குடுத்தவர்,” என்றேன்.

“அது அவர் தன்ர பாட்டில கதைச்சது,” என்றார் கூட்டத்தில் ஒருவர். தலைவரே சொல்லித்தந்த வசனம். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

எண்ணெயை யாரும் எடுக்கவில்லை; கடற்படைக்குத் தகவல் போனது. அந்த இருவரையும் சங்க மண்டபத்தில், அதே கதிரைகளில் இருத்தினோம். வெளியே சனம் கூடிவிட்டது. கடற்படை அதிகாரி உள்ளே வந்து, தகவல் தந்தது யார் என்று கேட்டார். அன்று தலைவர் கைகாட்டிய சன்னலடியில் நின்ற தம்பி, கையை மெல்ல உயர்த்தினான்.

“நான்,” என்றான்.