ராமப்பா வீட்டு வாசல்

ராமப்பா அண்ணாச்சி காலமானார் என்ற செய்தி, போன ஞாயிறு காலை மாதக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் அவர் மகன் மஞ்சுநாத்துக்குப் போன் செய்தேன். பழக்கதோஷத்தில், "எந்த ஊருக்குக் கொண்டு போறீங்க? வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். "இதாங்க எங்க ஊரு," என்றார். போனை வைத்த பிறகும் காது சுட்டது.

உங்களில் யார் பேசியிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். மூக்கண்டப்பள்ளியில் நம் தென்மாவட்ட நலச்சங்கத்தின் முதல் வேலையே அதுதானே. கம்பெனி வேலைக்கு வந்த நம்மவர் யாராவது இறந்தால், வண்டி பிடித்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்போம். வாடகை வீட்டில் பிணத்தை இறக்க வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நெடுஞ்சாலைதான்.

லேத் ஓட்டிய முருகேசனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் தெருவிலேயே வண்டியை மறித்துவிட்டார். எதிரே சொந்த வீட்டில் இருந்த ராமப்பா தன் கேட்டைத் திறந்து, வாசலில் பெஞ்சைப் போட்டார். "கூட வேலை செஞ்சவங்க மூஞ்சி பாக்க வாணாமா? இங்க எறக்குங்கப்பா," என்றார். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வந்து பார்க்கும்வரை வண்டி நின்றது. அன்றிலிருந்து நம்மவர் யார் போனாலும் அந்த வாசலில்தான் இறக்கினோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவரை நம் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். அதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

ஒருமுறை அவரே கேட்டார்: "என்னியும் மெம்பரா சேத்துக்கங்களேன்." தென்மாவட்டத்தில் பிறந்தவர்கள் மட்டும்தான் சேரலாம் என்று விதியைச் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். "அப்ப நான் எந்த ஊர்ல போய்ப் பொறக்கணும்?" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். அவர் மனைவி இறந்தபோது, உறுப்பினர் குடும்பம் இல்லையே என்று சங்க வாட்ஸப் குழுவில் யாரும் தகவல்கூடப் போடவில்லை. அதன் பிறகும் நம் ஆள் ஒருவருக்காக அதே கேட்டைத் திறந்தார்.

அண்ணாச்சியின் அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதிய மலர்வளையத்தோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றோம். உறவுக்காரப் பெண் ஒருவர், யார் இவர்கள் என்று மஞ்சுநாத்திடம் தெலுங்கில் கேட்டார். மஞ்சுநாத் நம்மைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "அப்பாவோட சங்கத்துக்காரங்க."

தன்னைச் சங்கத்தில் சேர்க்க மறுத்ததை அண்ணாச்சி வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமலே போயிருக்கிறார். அந்த வேலையை எனக்கு விட்டுப்போயிருக்கிறார். மஞ்சுநாத்திடம் அதை நான்தான் சொல்ல வேண்டும்.