பூட்ஸில் இரண்டு கோடுகள்

காலையில் முதல் விமானம் வருவதற்கு முன்பு, ஜீப்பை ஓடுபாதை ஓரமாக நிறுத்திவிட்டுப் புல்லுக்குள் இறங்கி நிற்கிறார் வெடிக்காரர். கறுப்பு ரப்பர் பூட்ஸில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறார்: ஒன்று கணுக்காலுக்குச் சற்று மேலே, இன்னொன்று கெண்டைக்காலின் நடுவில். புல்லின் நுனி இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் எலி குடியேறும். எலியைத் தேடிப் பருந்து வரும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் ஆள்காட்டிக் குருவி வந்து, கல்லோடு கல்லாகத் தரையிலேயே முட்டை வைத்துவிடும். இரண்டுமே விமானத்துக்கு ஆகாது.

ஒரு நாளைக்கு ஆறே விமானங்கள் வந்துபோகும் சின்ன விமான நிலையம். பறவைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறார். ஜீப்பில் எப்போதும் வெடி இருப்பதால் எல்லோருக்கும் இவர் வெடிக்காரர். ஆனால் வெடிப்பதென்னவோ மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். "வெடிக்கு ரெண்டு நாள் பயப்படும். மூணாம் நாள் ஜீப்பு மேலயே உக்காந்து எச்சம் போடும்" என்பார்.

அவருடைய சாமர்த்தியம் வேறு. ஒரு பறவைக்கு எந்த இடம் பிடிக்கும் என்பது பறவைக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மைனா முதல் சுள்ளியைக் கொண்டுவருவதற்குள் கொட்டகை உத்திரத்தில் வலை கட்டியிருப்பார். குழாய் வாய்களில் சாக்கைத் திணிப்பார். மழை விட்ட மறுநாள் மண்வெட்டியோடு போய்க் குட்டைகளைத் தூர்ப்பார். ஈரம் இருந்தால் புழு இருக்கும்; புழு இருந்தால் குஞ்சு வளர்க்கலாம் என்று பறவை கணக்குப் போட்டுவிடும்.

"வீடு பாக்க வரும்போதே இது சரிப்படாதுன்னு திரும்பிப் போயிடணும். முட்டை வச்சப்புறம் விரட்டறது பாவம்" என்பது அவர் கட்சி. அவர் மனைவியோ பாவத்தில் முன்பாவம் பின்பாவம் எல்லாம் கிடையாது என்கிறவர். மகளுக்கு வரன் தட்டிப்போன நாலு வருஷமும், "எத்தனை குடும்பத்தைக் கெடுத்தீங்களோ, அதான்" என்று பழியை இந்த வேலையின் தலையில்தான் போட்டார்.

அந்த மகளுக்குக் கல்யாணமும் ஆகி, இந்த வருஷம் பிரசவமும் ஆயிற்று. பேத்தியைப் பார்க்கப் பன்னிரண்டு நாள் லீவு போட்டார். வந்தது வினை. புல்வெட்டும் டிராக்டர் டிரைவர், அண்ணன் வந்து பார்த்தால் மெச்ச வேண்டும் என்று வடக்கு மூலையை ஒட்ட வெட்டி வைத்திருந்தான். திரும்பி வந்த அன்று காலை அங்கேயிருந்து ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டே எழுந்தது. தரையில் நான்கு முட்டைகள்.

"சுத்தமா இருக்கட்டும்னுதாண்ணே வெட்டினேன்."

"மொட்டையடிச்சு வாடகைக்கு விட்டுட்டியேடா."

விதிப்படி எடுத்தாக வேண்டும். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். ஓடினால் நேரே ஓடுபாதைக்குத்தான். இவர் ஜீப்பிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு முட்டையை மெல்ல உள்ளே விட்டார். புது முட்டை அடியில் படுக்கும். அடைகாத்த முட்டை நாளாக நாளாக நிமிர்ந்து, கடைசியில் மிதக்கும்.

"படுத்துருச்சு" என்றபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. "இப்பப் போனா திரும்ப இடும். பொரிக்கப் போற நேரத்துல போனா இந்த வருஷம் அவ்வளவுதான்."

"மிதந்திருந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

மக்கிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

மத்தியானம் வரைகூடத் தள்ளிப்போடாமல் வேலியோரம் குழி தோண்டி நான்கையும் புதைத்தார். மூடி முடிக்கும் வரை இரண்டு பறவைகளும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றித் திட்டின. முந்தின நாள் பேத்தியைத் தூக்கிய கை இது என்ற நினைப்பு வந்து, வந்தது போகவே இல்லை. அன்று சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் வீடு திரும்பியது.

அடுத்த விடுமுறை நாளில் மண்வெட்டியோடு கிளம்பினார். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், ஓடுபாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன சிமென்ட் குழாய்க் கம்பெனியின் காலி மனை இருக்கிறது. அங்கே ஒரு மூலையில் புல்லைக் கீழ்க்கோட்டுக்கும் கீழே செதுக்கினார். சரளைக்கல் பரப்பினார். லாரி திரும்பும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டினார்.

"உள்ள இருக்கிறதைக் காலி பண்ணச் சம்பளம் குடுக்கறாங்க. வெளிய வீடு கட்டிக் குடுக்க யாரு குடுப்பா?" என்றார் மனைவி.

"கட்டலடி. இடம்தான் காட்டறேன்."

அவருக்கே பெரிய நம்பிக்கை இல்லை. நாய், காக்கை, டயர், உச்சி வெயில் என்று வரிசையாக எமன் நிற்கிறான். "பத்து முட்டையில ரெண்டு பொழச்சா அதிகம்" என்பது அவரே சொல்கிற கணக்கு. தினமும் வேலை முடிந்து போகும்போது அந்த மூலையை ஒரு பார்வை பார்ப்பார். வெறும் கல்தான் கிடக்கும். பத்து நாள் கழித்து, கேலி செய்த மனைவியே கதவைத் திறந்ததும், "வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டுவார், இல்லையென்று.

போன வாரம் ஒரு சாயங்காலம், பாத்திரமும் கையுமாக அந்த மனையோரம் நடந்துகொண்டிருந்தார். சரளையிலிருந்து ஒன்று விருட்டென்று எழுந்து நேராக அவர் முகத்துக்குப் பாய்ந்தது. விலகுவதற்குள் இன்னொன்று பின்னாலிருந்து வந்து தொப்பியைத் தட்டிவிட்டது. முட்டை வைத்த ஆள்காட்டிக்குத்தான் இத்தனை ஆங்காரம் வரும். அது அவருக்குத் தெரியாதா?

"போறேம்மா, போறேன்" என்று பாத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் வலியையும் பார்க்காமல் வெடிக்காரர் ஓடினார். தொப்பியை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. மறுநாளிலிருந்து வெறும் தலையோடு, அரை மணி நேரம் சுற்றி நடந்து, வேறொரு நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறார்.