நான் வைத்த உளவாளி

எங்கள் வீட்டு லேப்டாப்பில் உளவு பார்க்கும் மென்பொருளைப் போட வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று போலவே இன்றும் வாய் அடைத்துப்போகும்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்த சமயம். ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒரே பேச்சு. எங்கள் மலைப் பெண் ஒருத்தி, போனில் பழகிய, மலைக்குக் கீழ்ப்பக்கத்துப் பையனோடு போய்விட்டாளாம். நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த அம்மாக்கள் வாசலில் நின்று அதையே மென்றார்கள். "அவ அம்மாக்காரி இன்னா பண்ணிட்டிருந்தாளாம்?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். வீட்டுக்கு வந்தால் என் மகள் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சார்ஜ் ஏறவில்லை, ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். பழைய சேலையில் லேப்டாப்பைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் செங்கத்துக்கு இறங்கினேன். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தார். "பாப்பா தட்டுற ஒவ்வொரு எழுத்தும் உங்க போனுக்கு மெயிலா வந்துடும்க்கா. ஆன்டிவைரஸ் இருந்தா இத வுடாது, அதான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். பெரிய காரியம் சாதித்தவள் போல மலையேறினேன்.

வந்ததெல்லாம் நர்சிங் படிப்பு பற்றிய சந்தேகம், தோழியோடு அரட்டை, முடி கொட்டாமல் இருக்க என்ன செய்வது என்ற தேடல். பையனுமில்லை, ஒன்றுமில்லை. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காலை டீயோடு அவளைப் படிப்பது பழகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பிடித்தும்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப் மெதுவாக ஓடுகிறதே என்று நோண்டியவள், ஆன்டிவைரஸ் அணைந்திருப்பதைப் பார்த்து அதைப் போட்டிருக்கிறாள். அது போட்ட எச்சரிக்கையைப் படித்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். நான் புளி காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, யாரோ நம்ம லேப்டாப்ப வேவு பாக்குறாங்கம்மா. நான் அடிக்கிறது எல்லாம் எங்கியோ போவுது."

என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக்கொண்டு போய் கேமரா மேல் ஒட்டினாள். "உன் அங்கன்வாடி பாஸ்வேர்டும் இதுலதானம்மா கீது? உனக்கு ஏதாவது ஆயிடப் போவுது" என்று எனக்காகப் பயந்தாள். தெரியாத பென்டிரைவைச் சொருகாதே, வருகிற லிங்கையெல்லாம் அழுத்தாதே, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதே என்று பாடம் வேறு எடுத்தாள். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அந்த மென்பொருளை எடுக்கும் முன்பே அவசர அவசரமாகப் பாஸ்வேர்டுகளை மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் என் போனுக்கு வந்து சேர்ந்தன.

சாமை வயலிலிருந்து வந்த என் கணவருக்கு ஆன்டிவைரஸ் புரியவில்லை. எவனோ மகளைப் பார்க்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"நீ எவங்கிட்ட பேசின? சும்மாவா ஒருத்தன் வந்து பாப்பான்?"

"நான்தாம்ப்பா தெரியாம எதையோ டவுன்லோட் பண்ணிட்டேன் போல. என் தப்புதான்."

"இனிமே இதுவும் வேணாம், காலேஜும் வேணாம்" என்று லேப்டாப்பை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விண்ணப்பிக்க மூன்று நாள்தான் இருந்தது. கையில் புளியோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நீயாவது அப்பாகிட்ட சொல்லும்மா" என்று என் பின்னாலேயே வந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த நெஞ்சோடுதான், "பேசிப் பார்க்கிறேன்" என்று அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மகள் எதிரிலேயே சொன்னேன்: "பாப்பா மேல தப்பு இல்ல. நான்தான் செங்கத்துக்கு எடுத்துனு போய் அதப் போட்டுனு வந்தேன். அவ அடிக்கிறத படிக்கிறதுக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து லேப்டாப்பை அவள் முன் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அவள் முதலில் அந்த மென்பொருளை நீக்கினாள். பாஸ்வேர்டுகளை மறுபடி மாற்றினாள். பிறகு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எதையெல்லாம் படிச்ச?"

முதன்முதலில் வந்த மெயிலிலேயே, ஓடிப்போன அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சில் தோழிக்கு அவள் எழுதியது இருந்தது. எங்க வூட்ல அம்மா கீது, அது என்னிய முழுசா நம்புது, எனக்கு இன்னா பயம் என்று. அதைப் படித்த பிறகும் மறுநாள் போனைத் திறந்தேன்.