மரத்த காலும் மீன்வண்டி வரிசையும்

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

கருங்கல் ஊரில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் சின்ன வயசுப் பெண். கையில் நைலான் நூல் மாதிரி ஒரு மெல்லிய கம்பி. அதன் நுனியால் என் பாதத்தில் அங்கங்கே தொடுவார். தொட்டால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் டெஸ்ட்.

“இப்போ?”

“தொடுது.”

“இப்போ?”

கொஞ்சம் யோசித்தேன். “ம்… தொடுது.”

“கண்ணைத் திறங்க அங்கிள். ரெண்டாவது கேட்டப்போ நான் தொடவே இல்ல. முன்னால பெருவிரல்ல மூணு இடத்துல தொட்டேன். அப்போ நீங்க ஒண்ணும் சொல்லல.”

குனிந்து என் பெருவிரலைப் பார்த்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எழுதுவது வாரத்தில் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் மீன்வண்டி. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் லோடு ஏற்றி, களியக்காவிளை தாண்டி, கேரளா மார்க்கெட்டுகளில் இறக்கிவிட்டு வருகிற வேலை. வலது கால்தான் எனக்குச் சோறு போடுகிறது. பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியாது. பாதத்துக்கு மட்டும்தான் தெரியும்.

“சுகரால வந்த மரப்பு இப்போ விரல்லதான் இருக்கு. மேல ஏறிச்சுன்னா நீங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு நானே எழுதிக் கொடுத்திருவேன்,” என்றார் டாக்டர். “மாத்திரை மட்டும் போதாது. தினமும் நடக்கணும். வெறுங்காலோட நடக்கக் கூடாது, ஓட்டவும் கூடாது. ஷூ வாங்குங்க. தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க.”

“நேரம் இல்ல டாக்டர்.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் சொன்னால் பொய்யாகிவிடுமா?

செல்போனைத் திறந்தால் ஒருத்தன் வருகிறான். ஒட்டின வயிறு, இறுக்கின பனியன். ‘எல்லாருக்கும் ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம்தான், மனசு வச்சா முடியும்’ என்கிறான். அவனுக்கு விடிவது ஐந்து மணிக்கு. எனக்கு? போட் எப்போது கரைக்கு வருகிறதோ அப்போதுதான் எனக்கு விடியும். இன்றைக்கு விடிகாலை. நாளைக்கு மத்தியானம். மறுநாள் போன் வரவே வராது, ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். மழைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் நடுவில் தூங்குகிற தொழிலாளிக்கும், டபுள் டூட்டி பார்க்கிற நர்ஸுக்கும் இதே கதைதான். ஒழுங்கான வேலை நேரம் உள்ளவன் கண்டுபிடித்த வார்த்தை ‘சோம்பேறித்தனம்’. உழைத்துக் களைத்த உடம்பை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆனால் கோபத்தால் கால் உணர்வு திரும்புமா? ஷூ வாங்கினேன்.

முதலில் வீட்டுப் பக்கத்து ரோட்டில் நடந்து பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு மனுசன் காரணமில்லாமல் ரோட்டில் நடக்க முடியாது. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நூறடி போகவில்லை, ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது.

“என்ன ஓய், வண்டி கேடாயிட்டா?”

“இல்ல. சும்மா நடக்கேன்.”

“சும்மாவா? கேறும் ஓய், கொண்டு விடுதேன்.”

வேண்டாம் என்றால் அவர் முகம் வாடுகிறது. அவர் போனதும் அடுத்த பைக். அதுவும் போனதும் ஒரு ஆட்டோ. ஏறாமல் நடந்தால் நமக்கு அவர்மேல் ஏதோ பகை என்று அர்த்தம். ஒருத்தர் விடவே இல்லை… ஏற்றிக்கொண்டுபோய் என் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். வீட்டிலிருந்துதான் கிளம்பி வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

ரெண்டு மூன்று நாளில் என் மனைவி ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்ச பாருங்க, அடுத்த வீட்டு அக்கா வந்து வண்டிய வித்தாச்சான்னு கேக்கா.”

“சுகருக்கு நடக்கியாருன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அப்போ காலு எடுக்கணுமாமான்னு கேக்கா. வண்டிய வித்தாச்சுன்னே சொல்லியிருக்கலாம்.”

ரோடு வேண்டாம் என்று விட்டேன்.

பிறகு துறைமுகத்தில் நடக்கப் பார்த்தேன். எங்களுக்கு உண்மையில் அங்கேதான் நேரம் இருக்கிறது. போட் வந்து, மீன் கரையேறி, ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு லோடு ஏறும்வரை வண்டிகள் வரிசையில் நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். நாங்கள் சீட்டில் சாய்ந்து கிடப்போம். டீ, பழம்பொரி, மறுபடியும் டீ. இந்த நேரத்தில் நடந்தால் என்ன?

நடக்க முடியாது. ஏனென்றால் வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. முன்வண்டி நகரும்போது உன் வண்டியில் நீ இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் நிற்பவன் உன்னைச் சுற்றிக்கொண்டு முன்னே போய்விடுவான். உன் இடம் கடைசி. கடைசி லோடு கேரளா மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது மீன் தளர்ந்துவிடும், மொதலாளி வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. அப்படியானால் பக்கத்து டிரைவரிடம் வண்டியை நகர்த்தச் சொல்லலாமே என்பீர்கள். அடுத்தவன் ஸ்டியரிங்கில் கை வைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கட்டின பெண்டாட்டியை விடக் கட்டுப்பாடு.

நான் ஒரு நாள் துணிந்து கடல்சுவர் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தபோது என் வண்டியைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் போயிருந்தார்கள். அன்றைக்கு நான்தான் கடைசி.

அதனால் வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். முன்பக்கம், பின்பக்கம், முன்பக்கம், பின்பக்கம். ஷூ போட்டுக்கொண்டு.

எனக்கு அடுத்து எப்போதும் நிற்பவன் சேவியர். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே காலத்தில் கிளீனராக இருந்து டிரைவரானவர்கள். அவனுக்கும் சுகர். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவான். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“லேய் மக்கா, வண்டிக்கு மாலையும் போட்டுரு. கும்பிட்டுட்டுப் போறோம்.”

“நீயும் எறங்கி நடலே. ஒனக்கும்தான் சுகர்.”

“நான் எதுக்கு நடக்கணும்? எனக்க கையில வண்டி இருக்குலா?”

“காலைப் பாக்கச் சொல்லு டாக்டர்கிட்ட.”

“எனக்க காலுக்கு என்ன? வெறுங்காலா பெடல்ல வச்சா பெடலு எனக்கிட்ட பேசும். ஷூ போட்டவனுக்கு அது தெரியாது மாப்பிள.”

வரிசை முழுக்கச் சிரித்தது. எங்களில் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறோம். மீன் தண்ணி பட்ட ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். அதனால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவோம். இறங்கும்போது போட மறந்தும்விடுவோம்.

மீன் வாங்க வந்து காத்திருந்த ரோஸம்மா அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். வீடு வீடாக மீன் விற்பவர்.

“தம்பி, எந்த மாதாவுக்கு நேர்ச்சை?”

“நேர்ச்சை இல்ல அக்கா. சுகர். டாக்டர் நடக்கச் சொன்னாவ.”

“பின்ன நேரா நடக்காம எதுக்கு சுத்துத?”

“தூரமா போனா வரிசை போயிரும்.”

அவர் அதை ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. “சரி, எப்படியும் சுத்துத. எனக்க மவன் சவுதியில இருந்து போன் விளிச்சு ரொம்ப நாளாச்சு. அவனுக்காவயும் ரெண்டு சுத்து சேத்து சுத்து,” என்றார்.

சுற்றினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் தெம்பு என்று ஒன்று வரவே இல்லை. நடந்தால் சுறுசுறுப்பு வரும் என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தலை சுற்றியது. நாலு சுற்றுக்குமேல் கால் ‘போதும்’ என்றது. ஸ்டெல்லாவிடம் நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லியும்விட்டேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம். வரிசை அசையாமல் கிடந்தது. சேவியர் வண்டியை விட்டு இறங்கி டீ வாங்கப் போனான். பக்கத்தில்தான் டீக்கடை, ரெண்டே எட்டு. நான் இன்றைக்கு மட்டும் என்று சுற்றிக்கொண்டு என் வண்டிக்குப் பின்பக்கம் இருந்தேன். சிமென்ட் தரையில் ஒரு கால்தடம் கண்ணில் பட்டது. சிவப்பு. அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. துறைமுகத்தில் தரையில் ரத்தம் கிடப்பது புதிதில்லை, எல்லாம் மீன் ரத்தம். ஆனால் மீன் ரத்தம் இடது பாதம் வரைவதில்லை.

“சேவியரே, நில்லு.”

“என்னலே?”

“அசையாத. காலைத் தூக்கு.”

அவன் டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பினான். பெரிய மீன் பிடிக்கிற தூண்டில் முள் ஒன்று உள்ளே இறங்கி, வளைவு மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறான். சேவியர் அதைப் பார்த்தான். வலியில் கத்துகிறவனின் முகம் இல்லை அது. வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

“எப்பம் ஏறிச்சு?” என்று என்னிடம் கேட்டான். என்னிடம்.

முள்ளை விட மோசமான ஒன்றும் அங்கே இருந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு பழைய புண். கறுத்து, ஓரம் வெளுத்து. எத்தனை நாளாக இருந்ததோ. நாற்றம் வரவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நாள் முழுக்க மீன் நாற்றத்தில் கிடக்கிறவனுக்குத் தன் கால் நாறுவது எப்படித் தெரியும்?

ரெண்டு வண்டியிலும் சாவியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் அவனைக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவன் வண்டியைப் பற்றியே பேசினான். வரிசை போயிருமே, மொதலாளி ஏசுவாரே என்று. ஆஸ்பத்திரியில் அவன் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இருந்தேன். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதும் அவன் பக்கத்தில் இருந்தேன். “எந்த விரலு?” என்று மட்டும் கேட்டான்.

வரிசையின் கடைசியில்தான் நிற்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே துறைமுகத்துக்குத் திரும்பினேன். எங்கள் ரெண்டு வண்டிகளும் கடைசியில் இல்லை. வரிசையோடு வரிசையாக அதனதன் இடத்திலேயே முன்னேறி, லோடு ஏறி, ஐஸ் போட்டு, தார்ப்பாய் கட்டித் தயாராக நின்றன. சேவியரின் லோடை எடுத்துப்போக அவன் மச்சினனையும் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். கத்தினேன்.

“இத்தன வருசமா அடுத்தவன் வண்டியத் தொடமாட்டோம்னுதானே சொன்னிய? இன்னைக்கு எப்படி முடிஞ்சு? அவனுக்க விரலு போவணும், அப்பதான் நகர்த்துவியளா? ஒருத்தன் நடந்துட்டு வாறேன்னா நகர்த்தமாட்டிய, என்னா?”

ஒருத்தர், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நீரு கேக்கவே இல்லியே ஓய்.”

ஆமாம். நான் கேட்கவில்லை. சேவியர் கேட்கவில்லை. இங்கே யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை. மாட்டார்கள் என்று அவனவன் தன் சீட்டிலேயே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்து உட்கார்ந்தே சுகர் ஏற்றினோம்.

தெம்பு எங்கே கிடைக்கும் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. சத்துமாவில் கிடைக்குமா, அந்த மாத்திரையில் கிடைக்குமா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நேரங்கெட்ட வேலை பார்க்கிற ஒருத்தன் தனியாக மனசு வைத்து ஒன்றும் கிழிக்க முடியாது. ‘நீ போய்ட்டு வா, உன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பக்கத்தில் ஒரு ஆள் சொன்னால்தான் காலே எழும்பும். அந்த ஆளிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் எங்களுக்குத் தெம்பில்லாமல் இருந்தது. உங்கள் வார்டில், உங்கள் டெப்போவில், உங்கள் கடையில் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முறை வைத்து நடக்கிறோம். பாதிப்பேர் கடல்சுவர் வரை போய்த் திரும்புவார்கள். மிச்சப்பேர் எல்லா வண்டிகளையும் நகர்த்துவார்கள். பிறகு அவர்கள் போவார்கள். என் விரலில் உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை. மேலே ஏறவில்லை என்று மட்டும் சொன்னார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதிகமாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

சேவியர் இன்னும் வண்டி ஓட்டவில்லை. இனி ஓட்டுவானா என்று தெரியவில்லை. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மச்சினன் வண்டியில் ஏறி வந்துவிடுகிறான். ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கட்டுப்போட்ட காலை இன்னொன்றின்மேல் நீட்டி, கடல்சுவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நடக்கப் போகிறவர்கள் அவனிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வண்டியை நகர்த்துகிறவன் அவனிடம் வாங்கி, நகர்த்திவிட்டு, அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாதி வழியில் திரும்பி வந்தவனுக்கு அவன் சாவி கொடுப்பதில்லை.